பால் இல்லாமல் மேக்ரோ உணவுமுறை: எந்தப் பால் பொருளுக்கு எது சரியான மாற்று?

புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்ற மூன்று மேக்ரோ சத்துகளையும் ஒரு விகிதத்தில் வைத்துச் சாப்பிடச் சொல்லும் திட்டம் எதை எடுத்தாலும், அதில் பால் பொருட்கள் நிறைய இருக்கும். காலையில் கெட்டித் தயிர், இடையில் ஒரு துண்டு சீஸ், உடற்பயிற்சி முடிந்ததும் வே புரோட்டீன் என்ற பால் புரதப் பொடி. திட்டம் போடுபவர்களுக்கு இது வசதி. ஒரே தம்ளரில் மூன்று சத்தும் கிடைத்துவிடும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் பாலே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும்தான் இதைக் கையில் எடுத்த முதல் நாளே திணறுகிறார்கள்.

'பால் சேர்க்காதது' என்று அட்டையில் போட்டிருக்கும் ஏதாவது ஒன்றை அதே அளவில் வைத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு உடைகிறது. பசும்பாலுக்குப் பதில் பாதாம் பால், தயிருக்குப் பதில் தேங்காய்த் தயிர் என்று மாற்றினால் நிறமும் கெட்டித்தன்மையும் ஒத்துப்போகும். புரதம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். எந்தப் பொருள் பாலைப் போல இருக்கிறது என்று தேடுவதில் பயனில்லை. அந்தப் பால் பொருள் உங்கள் தட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அந்த வேலையை இனி யார் செய்வது என்றுதான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள ஒப்பீடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

பாலை முழுவதுமாக விட வேண்டுமா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, வயிற்றுப்போக்கு ஆகிறது என்பது பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காததால் வருவது. பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. இந்தப் பிரச்சினை மட்டும்தான் என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் போதும். அதில் நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்கூட்டியே உடைத்திருப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், அவ்வளவுதான். புரதமும் கால்சியமும் அப்படியே இருப்பதால் திட்டத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டாம். நாள்பட முதிர்ந்த கடினச் சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பதால் அதுவும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

பால் புரத ஒவ்வாமை வேறு சங்கதி. அங்கே எதிரி பாலின் இரண்டு புரதங்களான கேசீனும் வே புரதமும். லாக்டோஸ் நீக்கிய பாலில் இரண்டும் முழுசாக இருக்கின்றன. வே புரதத்தை மட்டும் பிரித்தெடுத்த ஐசோலேட் பொடியில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இருக்காது, ஆனால் அதன் புரதமே பால் புரதம். நெய்யில்கூடக் கொஞ்சம் பால் புரதம் தங்கியிருக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் கேசினேட், வே, பால் திடப்பொருள் ஆகிய பெயர்களை அட்டையில் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டில் எது தனக்கு என்று தெரியாதவர் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. காரணம் தெரியாமல் பாலை விட்டால், விட வேண்டியதற்கு மேலும் விட்டிருப்போம், இல்லையென்றால் போதாமல் விட்டிருப்போம்.

முட்டை பால் பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் பாலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் அதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். கொள்கை காரணமாக விலங்குணவையே விட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு முட்டை பெரிய துணை.

விகிதத்தை எங்கே தொடங்குவது?

மேக்ரோ கணக்கில் அதிகம் பேசப்படுவது 40-30-30. கலோரியில் 40 சதவீதம் மாவுச்சத்து, 30 புரதம், 30 கொழுப்பு. அமெரிக்கரான பாரி சியர்ஸ் 1990களில் பரப்பிய முறை இது. ஒரு நாளைக்கு 1800 கலோரி சாப்பிடுபவருக்கு 180 கிராம் மாவுச்சத்து, 135 கிராம் புரதம், 60 கிராம் கொழுப்பு என்று வரும். புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9 என்பதால் இந்தக் கணக்கு.

பால் இல்லாமல், அதிலும் மீனும் இறைச்சியும் இல்லாமல், 135 கிராம் புரதத்தைத் தினமும் எட்டுவது கடினம். முடியாது என்று சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே அதை எட்டப் பார்த்தால் சலித்துப்போவீர்கள் என்கிறேன். பெரியவர்களுக்குப் புரதம் 10 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்பது வட அமெரிக்க ஊட்டச்சத்து வழிகாட்டுதல்களில் உள்ள வரம்பு. அதற்குள் நின்றே 45-25-30 என்று தொடங்கலாம். அதே 1800 கலோரிக்குப் புரதம் 112 கிராமாக இறங்கும். பழகியபின் கூட்டிக்கொள்ளலாம். மீன், கோழி, முட்டை சாப்பிடுபவர்கள் நேராக 40-30-30இல் இறங்கினாலும் சிரமமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பாலுக்கு எந்தப் பால்?

ஒரு கப், அதாவது 240 மில்லி, கொழுப்பு நீக்காத பசும்பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதம், 12 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் கொழுப்பு, 150 கலோரி. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் எல்லாம் இனிப்புச் சேர்க்காத வகைகளுக்கு. தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும்.

சோயா பாலில் ஒரு கப்புக்கு 7 கிராம் புரதம், 4 கிராம் மாவுச்சத்து, 4 கிராம் கொழுப்பு, 80 கலோரி. பட்டாணிப் புரதத்தில் செய்த பாலிலும் புரதம் 8 கிராம் வரை வரும். கொழுப்பு 4, 5 கிராம், மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. பாலின் புரத வேலையைச் செய்யக்கூடியவை பரவலாகக் கிடைப்பவற்றில் இந்த இரண்டும்தான். அமெரிக்க அரசின் 2020-2025 உணவு வழிகாட்டி, சத்துகள் சேர்த்த சோயா பாலை மட்டுமே பால் பொருட்களின் வரிசையில் வைத்தது. மற்றத் தாவரப் பால்கள் சத்தில் பாலுக்கு ஈடாக இல்லை என்பது அதன் காரணம்.

பாதாம் பால் என்பது பாதாமையும் தண்ணீரையும் அரைத்து வடித்தது. தண்ணீர்தான் அதிகம். கப்புக்கு 1 கிராம் புரதம், 1 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் கொழுப்பு, 30 முதல் 40 கலோரி. கலோரியைக் குறைப்பதே நோக்கம் என்றால் இதைவிட நல்லது இல்லை. புரதம் வேறு எங்கிருந்தாவது வந்துகொண்டிருந்தால் காபியில், கஞ்சியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாதாமில் புரதம் நிறைய, அதனால் பாதாம் பாலிலும் நிறைய இருக்கும் என்று எண்ணி வாங்குபவர்களைத்தான் நிறுத்திச் சொல்லத் தோன்றுகிறது: அந்தப் புரதம் கப்புக்குள் வந்து சேரவில்லை.

ஓட்ஸ் பால் ருசியில் முதலிடம். நுரை நன்றாக வரும், காபியோடு நன்றாகச் சேரும். ஆனால் அதை மாவுச்சத்துக் கணக்கில்தான் எழுத வேண்டும். கப்புக்கு 16 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. ஓட்ஸின் மாவை நொதிகள் உடைக்கும்போது மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகிறது. சர்க்கரையே சேர்க்காத ஓட்ஸ் பாலும் இனிப்பது அதனால்தான். கஞ்சியில் ஏற்கெனவே ஓட்ஸ் இருக்க, அதன் மேல் ஓட்ஸ் பாலையும் ஊற்றினால் விகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அரிசிப் பால் இந்த உணவுமுறைக்குப் பொருந்தவே பொருந்தாது. கப்புக்கு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, 1 கிராம் கூட நிச்சயமில்லாத புரதம். சோயா, கொட்டைகள் இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் அது ஒரு வழி. பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்கு மாற்றாக அரிசிப் பால் தர வேண்டாம் என்று அரசே சொல்கிறது. அரிசியில் ஆர்சனிக் சேர்வதுதான் காரணம்.

தேங்காய்ப் பாலில் இரண்டு வகை உண்டு. பெட்டியில் வரும் குடிக்கும் பானம் நீர்த்தது, கப்புக்கு 4, 5 கிராம் கொழுப்பு. டின்னில் வரும் கெட்டிப் பாலில் 100 கிராமுக்கே 20 கிராம் அளவில் கொழுப்பு. இரண்டிலும் கணக்கில் எடுக்கும் அளவுக்குப் புரதம் இல்லை. ஒன்றின் எண்ணைப் பார்த்துவிட்டு மற்றொன்றை ஊற்றினால் ஒரு வேளையின் கொழுப்பு முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகும்.

என் தேர்வு சோயா பால். ஒவ்வாமை இருந்தால் பட்டாணிப் பால். சோயா ஆண்களின் ஹார்மோனைக் குறைக்கும் என்ற பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் சோயா உணவு டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாகத் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது உண்மையான விஷயம்: லெவோதைராக்ஸின் உடலில் சேர்வதைச் சோயாவும் கால்சியமும் தடுக்கக்கூடும். மாத்திரைக்கும் சோயா பாலுக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெட்டியில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்ததாக இருக்கும். 'இனிப்புச் சேர்க்காதது' என்று தெளிவாக எழுதியிருப்பதைத்தான் தேட வேண்டும்.

தயிர், சீஸ், பனீர், பொடி: புரதம் கைவிட்டுப்போகும் இடம்

பாலில் செய்யும் தவறு சின்னது. தயிரிலும் சீஸிலும் செய்வது பெரியது. கொழுப்பு நீக்கிய கிரேக்கத் தயிரில் 100 கிராமுக்கு 10 கிராம் புரதம். தயிரை வடிகட்டி நீரை எடுப்பதால் புரதம் அடர்ந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக விற்கும் தேங்காய்த் தயிரில் 100 கிராமுக்கு 1 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். மீதி கொழுப்பும் கெட்டிப்படுத்தும் மாவும். 'கிரேக்க பாணி' என்று அட்டையில் இருந்தாலும் தாவரத் தயிரில் அது பெரும்பாலும் கெட்டித்தன்மையைத்தான் குறிக்கிறது. சோயா தயிரில் 4 கிராம் வரை உண்டு, சாதாரணத் தயிருக்கு அது ஈடு. கிரேக்கத் தயிரின் அளவு வேண்டுமென்றால் சோயா தயிரோடு கொஞ்சம் பட்டாணிப் புரதப் பொடியைக் கலக்குங்கள். மிருதுவான டோஃபுவை (சோயா பாலை உறையவைத்துச் செய்வது) எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டு அடித்தாலும் தயிர் போல வரும். 100 கிராமில் 5 முதல் 7 கிராம் புரதம் கிடைக்கும்.

பனீருக்குக் கெட்டி டோஃபுதான் இயல்பான மாற்று. 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவில் புரதமும் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கும். கெட்டி டோஃபுவில் 12 முதல் 17 கிராம் புரதம், 7 முதல் 9 கிராம் கொழுப்பு. கொஞ்சம் கூடுதலாக வைத்தால் புரதம் சமமாகிவிடும், கொழுப்பு அப்போதும் குறைவுதான். அந்த மிச்சக் கொழுப்பை நல்ல எண்ணெயிலோ கொட்டைகளிலோ செலவழிக்கலாம். இந்த ஒரு மாற்றத்தில் பாலை விட்டவருக்குத்தான் லாபம் என்பேன்.

தாவரச் சீஸைப் புரதமாக எண்ணவே கூடாது. பெரும்பாலும் அது தேங்காய் எண்ணெயும் மாவும் சேர்ந்த கலவை. 30 கிராம் செடார் சீஸில் 7 கிராம் புரதம். அதே அளவு தாவரச் சீஸில் ஒன்றோ பூஜ்யமோ. ருசிக்காக ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம், கொழுப்புக் கணக்கில். சீஸின் அந்தச் சுவைதான் வேண்டுமென்றால் செதிலாக விற்கும் ஊட்டச்சத்து ஈஸ்ட் தூவலாம். அதில் ஒரு மேசைக்கரண்டிக்கு 2 கிராமுக்கு மேல் புரதமும் உண்டு.

பால் போனபின் புரதத்துக்குப் பருப்பு இருக்கிறதே என்பது அடுத்த எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம், 20 கிராம் மாவுச்சத்து. அந்த இருபதில் 8 கிராம் நார்ச்சத்து. 25 கிராம் புரதத்துக்கு 280 கிராம் பருப்பு சாப்பிட வேண்டும், கூடவே 55 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். 600 கலோரி கொண்ட ஒரு வேளைக்கு 40-30-30 கணக்கில் மாவுச்சத்தே 60 கிராம்தான். அப்புறம் தானியத்துக்குத் தட்டில் இடமில்லை. ஆகவே பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் மூன்றையும் புரதக் கணக்கிலும் மாவுச்சத்துக் கணக்கிலும் எழுதி, அந்த வேளையில் தானியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியத்தில் இவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

மாவுச்சத்து ஏறாமல் புரதம் வேண்டுமென்றால் டோஃபு, டெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி), மீல் மேக்கர். டெம்பேயில் 100 கிராமுக்கு 19, 20 கிராம் புரதம். உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15 கிராம் புரதம், 10 கிராம் மாவுச்சத்து, கொழுப்பு ஏறக்குறைய இல்லை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 31 கிராம். பாதாமும் வேர்க்கடலை வெண்ணெயும் புரதப் பட்டியலில் அடிக்கடி வந்து உட்காரும். அவை உண்மையில் கொழுப்பு. இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் 7 கிராம் புரதத்துக்கு 16 கிராம் கொழுப்பு கூடவே வரும்.

பொடி விஷயத்தில் மாற்றுவது எளிது. வே புரோட்டீன் 30 கிராமில் 24 கிராம் புரதம் என்றால், பட்டாணிப் புரதத்திலோ சோயா ஐசோலேட்டிலோ 21 முதல் 25 கிராம். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், பட்டாணியில் மெத்தியோனைன் குறைவு, அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. இரண்டையும் கலந்து விற்கும் பொடியில் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. தசையை வளர்க்கத் தூண்டும் அமினோ அமிலமான லியூசின் வே புரதத்தில் அதிகம். கடுமையாக எடைப் பயிற்சி செய்பவர்கள் தாவரப் பொடியைச் சற்றுக் கூட்டி எடுத்தால் அதுவும் சரியாகிவிடும். பட்டாணிப் பொடி நாக்கில் மண்போல் படும். அதைத் தண்ணீரில் கலக்காமல் சோயா பாலிலோ பழத்தோடோ அடித்துக் குடிப்பது மேல்.

வெண்ணெய், கிரீம்

வெண்ணெய்க்கு எண்ணெய், அவ்வளவுதான். வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. மேசைக்கரண்டிக்கு 100 கலோரி இருந்த இடத்தில் 120 வரும், அதனால் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். கவனிக்க வேண்டியது தேங்காய் ஒரே நாளில் பல வேடங்களில் வருவது: தயிராக, சீஸாக, கிரீமாக. தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1800 கலோரிக்கு அது 20 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

ஒரு காலை உணவை வைத்துப் பார்ப்போம்

40 கிராம் ஓட்ஸ், ஒரு கப் பால், 150 கிராம் கொழுப்பு நீக்கிய கிரேக்கத் தயிர். மொத்தம் சுமார் 28 கிராம் புரதம், 44 கிராம் மாவுச்சத்து, 12 கிராம் கொழுப்பு, 400 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. விகிதம் கிட்டத்தட்ட 40-30-30.

இதில் பாலைப் பாதாம் பாலாகவும் தயிரைத் தேங்காய்த் தயிராகவும் மாற்றினால் புரதம் 8 கிராமைத் தாண்டாது, கொழுப்பு ஏறும். பதினொரு மணிக்கே பசிக்கும். பசிப்பவர் தன் கட்டுப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குறை அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

சோயா பாலும் சோயா தயிரும் வைத்தால் 18 கிராம் புரதம், 34 மாவுச்சத்து, 10 கொழுப்பு, 300 கலோரி. விகிதம் பரவாயில்லை, மொத்தம்தான் குறைகிறது. அரைக் கரண்டி பட்டாணிப் பொடி, அதாவது 15 கிராம், சேர்த்தால் புரதம் 30ஐத் தொடும். பாலோடு போன லாக்டோஸும் மாவுச்சத்துதானே, அந்த இடத்தை ஒரு சின்னப் பழத்தால் நிரப்பலாம். இப்போது பழைய கிண்ணத்துக்கு எந்த விதத்திலும் குறைவில்லை.

மேக்ரோவில் தெரியாத இழப்பு

மூன்று எண்களும் சரியாக வந்தபின்னும் கால்சியம் குறைந்திருக்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை. ஒரு கப் பாலிலேயே அதில் 300 அளவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. கால்சியம் சேர்த்த தாவரப் பால் பெரும்பாலும் அதே அளவைத் தரும். ஆனால் சேர்த்த கால்சியம் பெட்டியின் அடியில் படியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். வீட்டில் அரைத்து எடுக்கும் சோயா பாலிலும் பாதாம் பாலிலும் இந்தச் சேர்க்கை இருக்காது. அதை விரும்புபவர்கள் கால்சியத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். கால்சியம் சல்ஃபேட் விட்டு உறையவைத்த டோஃபு நல்ல இடம்; அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பசலைக் கீரையில் கால்சியம் இருந்தும், கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 5 சதவீதம்தான் உடலில் சேர்கிறது. கேல் போன்ற ஆக்சலேட் குறைந்த கீரைகள் அதைவிடப் பலமடங்கு மேல்.

விலங்குணவை முழுதாக விட்டவர்களுக்கு பி12 கட்டாயம் வெளியிலிருந்து வர வேண்டும்: நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம், சத்து சேர்த்த உணவிலோ மாத்திரையிலோ. பல நாடுகளில் அயோடினுக்குப் பாலும் முக்கிய வழியாக இருப்பதால், அயோடின் சேர்த்த உப்பை இந்தச் சமயத்தில் விடாதீர்கள். வளரும் குழந்தைகளுக்குப் பாலை நிறுத்துவதாக இருந்தால் இந்தக் கட்டுரையை நம்பிச் செய்ய வேண்டாம், மருத்துவர் வழிகாட்டட்டும்.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாமல் போகும். ஒவ்வாமை இருந்தால் வேறு வழியில்லை, ஒரேயடியாக விடத்தான் வேண்டும். மற்றவர்கள் புரதம் சுமக்கும் பொருட்களில் தொடங்குங்கள்: பொடி, தயிர், பனீர். அவை நிலைத்தபின் பால். வெண்ணெயும் காபியில் விடும் கொஞ்சம் பாலும் கடைசியில் போனால் போதும், விகிதத்தை அவை அசைப்பதில்லை. சோயாவும் பருப்பும் திடீரென்று கூடினால் முதல் சில நாட்கள் வயிறு உப்பலாம். பாலை விட்டும் உப்புகிறதே என்று அதைப் பார்த்துக் கைவிட வேண்டாம். அளவைப் பாதியாக்கி, மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.